பிடியரிசிக் கணக்கு

கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்குமே, அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சமையற்கட்டுக்குப் பக்கத்தில், ஜன்னல் சிறிதாகவும் கதவு பெரிதாகவும் ஓர் அறை. அரிசி மூட்டை, வெல்லம், நெய் டின், தேங்காய்க் குவியல், வாழையிலைக் கட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அத்தையோ பெரியம்மாவோ உட்கார்ந்திருப்பாள். இடுப்பிலே சாவி. யார் வந்து எதைக் கேட்டாலும், "எத்தனை பேருக்கு?" என்று ஒரு கேள்வி போட்டுவிட்டுத்தான் அளந்து கொடுப்பாள். அங்கே இருக்கிற பொருளில் ஒன்றாவது அவளுடையதா என்றால் இல்லை. ஆனால் ஒரு தேங்காய் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

எங்கள் தமிழ் வேதப் புத்தகத்தில் இந்த உத்தியோகத்தைப் பார்ப்பவனுக்கு 'உக்கிராணக்காரன்' என்று பெயர். லூக்கா சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில், ஓர் ஐசுவரியவான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிற கதை வருகிறது. எங்கள் ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி 'உக்கிராணத்துவம்' என்று நீட்டி முழக்கும்போது சின்ன வயதில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றிக்கொண்டு வரும். அந்த நீண்ட வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தது எங்கள் பாட்டியின் அரிசிப் பானை.

'ஐயர்' என்றதும் உங்களில் சிலருக்குப் புருவம் உயரலாம். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் சபைக் குருவானவரை 'ஐயர்' என்று அழைப்பதே வழக்கம். அவர் எந்த ஜாதியில் பிறந்தவரானாலும் சரி, அங்கி மாட்டிய அன்றையிலிருந்து அவர் ஐயர். அவர் மனைவி ஐயரம்மா. கோயிலுக்கு மணி அடித்து விளக்குத் துடைப்பவர் கோவில்பிள்ளை. நாங்களும் 'கோயிலுக்குப் போகிறோம்' என்றுதான் சொல்வோம்.

நான் பிறந்தது தாமிரபரணிக்குத் தெற்கே, செம்மண் தேரிக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டுக் கிராமம். அந்தப் பக்கத்துச் சபையின் கதை ஒரு பெண்ணிடமிருந்து ஆரம்பமாகிறது என்பதை வாசகிகளுக்குச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மராட்டியப் பிராமண குலத்து விதவை ஒருத்தி 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, க்ளாரிந்தா என்று பெயர் வைத்துக்கொண்டாள். அவள் முயற்சியால் பாளையங்கோட்டையில் எழுந்த சிறு கோயில் 1785-இல் பிரதிஷ்டையாயிற்று. இன்றைக்கும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால்தான் பலருக்கு அடையாளம் தெரியும்.

பிறகு 1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. வேதத்தில் சேர்ந்ததற்காக ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவது அந்தச் சங்கத்தின் வேலை. இப்படிக் காசு சேர்த்து, நிலம் வாங்கி, கணக்கு எழுதி வளர்ந்தவை எங்கள் பக்கத்துக் கிராமங்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு சங்கங்கள் அவற்றைப் பராமரித்தன. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது நாங்களும் அதில் ஐக்கியமானோம். பெயர்ப் பலகை மாறியது. ஆராதனை முறையும் பண்டிகை வரிசையும் அநேகமாகப் பழையபடியே தொடர்ந்தன.

பண்டிகைகளில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் உங்களுக்குத் தெரிந்தவை. நவம்பர் மாதத்து இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். மறுநாள், சகல ஆத்துமாக்கள் நாள். ஊர் வழக்கில் கல்லறைத் திருநாள். இங்கிலாந்துத் திருச்சபை 16-ஆம் நூற்றாண்டில் தன் ஜெப புத்தகத்தை மாற்றி எழுதியபோது முதல் நாளை வைத்துக்கொண்டு இரண்டாவது நாளை எடுத்துவிட்டது. பேர் பெற்ற பக்தர்களுக்கு ஒரு நாள் போதும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது. ஆனால் தாயைப் புதைத்தவள் சும்மா இருப்பாளா? விட்டுப் போன நாள் பல சபைகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. எங்கள் ஊருக்கும் வந்தது.

ஒரு வாரத்துக்கு முன்பே வேலை ஆரம்பமாகும். கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டுவார்கள். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று சாயங்காலம் அரளியும் செவ்வந்தியுமாக ஊரே அங்கே கூடிவிடும். ஐப்பசி மழைக் காலமல்லவா? காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. சிரட்டைக்குள்ளே வர்த்தியை நிறுத்தி வைப்பதில் எங்கள் ஊர்ப் பெண்கள் கைதேர்ந்தவர்கள். கோயிலில் அந்த வருஷம் காலமானவர்களின் பெயர்களை ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் எங்காவது ஒரு மூலையிலிருந்து ஒரு விசும்பல் கேட்கும். உங்கள் வீட்டுத் திவசத்தில் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லும்போது நெஞ்சு அடைக்கிறதே, அதைப் போலத்தான்.

எங்கள் பாட்டி அன்றைக்கு எங்கள் தாத்தாவின் கல்லறைக்குக் கடைசியில்தான் போவாள். முதலில், கேட்க ஆளில்லாத கல்லறைகள். சிலோனுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெற்றோர், பிள்ளையில்லாத விதவைகள், இப்படி இருபது முப்பது இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு சிரட்டை, ஒரு வர்த்தி.

"நம்ம தாத்தாவுக்கு எப்போ பாட்டி?" என்று நான் சிணுங்குவேன்.

"அவுகளுக்கு நாம இருக்கோம்லா? ஓடியா போயிருவாக?" என்பாள் பாட்டி.

இனி அரிசிப் பானைக்கு வருகிறேன். எங்கள் அடுப்பங்கரையில் உலை வைக்கும் பானைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்ன மண் கலயம் இருக்கும். அரிசியை அளந்து களைவதற்கு முன்பு, அதிலிருந்து ஒரு கை அள்ளி அந்தக் கலயத்தில் போட வேண்டும். அதுதான் பிடியரிசி. அன்றைக்கு வீட்டில் விருந்தாளி வந்தாலும் சரி, அரிசியே போதாமல் கஞ்சியாகக் காய்ச்சினாலும் சரி, அந்தக் கைப்பிடி தப்பாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது ஓலைப் பெட்டியில் கொட்டி எடுத்துப் போய், கோயில் வாசலில் இருக்கும் பெரிய கடகத்தில் சேர்ப்பார்கள். மாதர் சங்கத்தார் அதை விற்றுப் பணமாக்குவார்கள். உபதேசியார் சம்பளத்துக்கு ஒரு பங்கு, வெளியூர் ஊழியத்துக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு.

ஒரு பிடி அரிசியில் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் அசரியா. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோது அதில் முன்னின்றவர். 1909-இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்கு ஊழியம் செய்யப் போனார். 1912-இல் கல்கத்தாவில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். தோர்ணக்கல் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் பரம ஏழைகளான வயல் கூலிகள். அங்கேயும் பெண்கள் அடுப்பு மூட்டும்போது ஒரு கை அரிசி எடுத்து வைத்தார்கள். ஏழைக்கும் கொடுக்கிற கௌரவம் உண்டு என்பது அசரியாவின் திடமான அபிப்பிராயம். கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1939-இல் அங்கே பிரதிஷ்டையான பேராலயம் இன்றும் நிற்கிறது.

எங்கள் மாதர் சங்கத்துக்குப் பிடியரிசிக் கணக்கு வைத்திருந்தவள் பாட்டி. அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டில், யார் யார் எந்த வாரம் எத்தனை உழக்குக் கொண்டுவந்தார்கள் என்று பென்சிலால் குறித்து வைப்பாள். "மொத்தமா ஒரே கடகத்துல கொட்டுற அரிசிக்குத் தனித்தனியா பேர் எதுக்கு அத்தை?" என்று அம்மா கேட்பதுண்டு. பாட்டி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

வருஷத்துக்கு ஒரு தரம் அசனப் பண்டிகை வரும். ஸ்தோத்திர ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். முதல் விளைச்சலென்று கொண்டுவந்த வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், சேவல், முட்டை எல்லாம் ஏலத்துக்கு வரும். நாலணாப் பூசணிக்காய் நாற்பது ரூபாய்க்குப் போகும். எல்லாம் காணிக்கைதானே! பிறகு ஊர் முழுவதும், எந்த வேதத்தாரானாலும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பாடு. அண்டா அண்டாவாகச் சோறும் கறியும் வேகிற வாசனையை இப்போது நினைத்தாலும் பசிக்கிறது.

அந்த ஏலத்தில் தவறாமல் வருவது ஒரு ஜோடி ஓலைப் பெட்டி. அதை முடைந்தவளை ஊரில் எல்லோரும் 'பெட்டி அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப் போனவன். பிள்ளை கிடையாது. குருத்தோலை வாங்கிச் சாயம் ஏற்றி, பெட்டி முடைந்து, சந்தையில் விற்றுச் சாப்பிட்டாள். அவள் பெட்டியை வசதியுள்ள யாராவது பதினைந்து இருபதுக்கு ஏலம் எடுப்பார்கள். கோயில் கணக்கில் எடுத்தவர் பெயர் ஏறும். முடைந்தவள் பெயர் ஏறாது. அவளும் அதைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை.

1968-ஆம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்பு, பெட்டி அத்தை இரவில் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் சாவு என்றால் முதலில் கோயில் மணி அடிக்கும். அன்றைக்கு மணி பத்தாகியும் அடிக்கவில்லை. கோவில்பிள்ளை கயிற்றடியில் நின்றுகொண்டிருக்கிறார் என்று ஒரு பையன் வந்து சொன்னான். விஷயம் இதுதான்: பெட்டி அத்தையின் மாதக் காணிக்கை ஆறு வருஷமாகப் பாக்கி. பாக்கி தீராமல் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதில்லை என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் இருந்தது.

சபைச் செயலாளர் கெட்டவர் அல்ல. வாத்தியார் வேலை பார்த்தவர். ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிறவர். பெட்டி அத்தையின் குடிசை வாசலில் ஐயருக்குப் பக்கத்தில் முகம் வாடி நின்றார். "எனக்கு மட்டும் மனசு இல்லையா? இன்னைக்கு இவங்களுக்கு விட்டுட்டா, நாளைக்கு வசதி உள்ளவனும் கட்ட மாட்டான். உபதேசியாருக்குச் சம்பளம் எங்க இருந்து குடுக்க?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"மாதர் சங்கத்துல ஏழைகளுக்குன்னு பணம் இருக்குல்ல? அதுல கட்டிட்டா முடிஞ்சு போச்சு" என்று யாரோ யோசனை சொன்னார்கள். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது.

அப்போதுதான் பாட்டி வந்து சேர்ந்தாள். கையில் தகரப் பெட்டி.

"அந்தப் பணத்தைத் தொடாதீங்க" என்றாள். "அது இல்லாதவங்களுக்கு உள்ளது. இவ தர்மம் வாங்கிக் குழிக்குப் போக வேண்டியவ இல்ல. இவ குடுத்தவ."

தகரப் பெட்டியைத் திறந்து நோட்டுகளை எடுத்து ஐயர் கையில் கொடுத்தாள். ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒன்பது வருஷக் கணக்கு. ஒவ்வொரு வாரமும் பெட்டி அத்தைக்கு நேராக ஒரு குறி. அரைக்கால் படி. சில வாரம் 'சோளம்' என்று இருந்தது. அரிசி இல்லாத வாரம் அது. சில வாரம் 'பெட்டி ஒன்று' என்று இருந்தது. சோளமும் இல்லாத வாரம் அது. நாலே நாலு வாரம் வெறுமையாக இருந்தது. அதற்கும் பக்கத்தில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தது.

"இது உங்க கணக்குல ஏறினதா?" என்று ஐயர் செயலாளரைக் கேட்டார்.

"பிடியரிசி வகைன்னு மொத்தமா வரவு வச்சிருக்கேன், ஐயா."

"அப்போ உங்க நோட்டுலயும் இவ இருக்கா, தம்பி. பேர்தான் இல்ல" என்றாள் பாட்டி.

செயலாளர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் விடுவிடென்று கோயிலைப் பார்த்து நடந்தார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

பெட்டிச் செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. சவப் பெட்டிக்கும் கோடித் துணிக்கும் அவளே மூன்று வருஷத்துக்கு முன்பு பாட்டியிடம் பணம் கொடுத்து வைத்திருந்தாள். அதுவும் நோட்டில் இருந்தது. மீந்த ஏழு ரூபாயைப் பாட்டி ஐயர் முன்னிலையில் எண்ணிக் காணிக்கைப் பெட்டியில் போட்டாள்.

மூன்றாம் நாள் கல்லறைத் திருநாள். பட்டியல் எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சங்கடம். பெட்டி அத்தைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் பாட்டியின் நோட்டுத்தான் உதவியது. ஐயர் அந்தப் பெயரை வாசித்தபோது கோயிலில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். யார் அது என்று புரிந்ததும் ஒரு மூலையில் மட்டுமல்ல, பல மூலைகளிலிருந்து விசும்பல் கேட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது எங்கள் ஊர்ப் பட்டியலுக்குச் சொந்தம்.

அடுத்த கமிட்டியில், பிடியரிசியையும் பெயர் போட்டு வரவு வைப்பதென்றும், சாவு வீட்டில் பாக்கி பேசுவதில்லை என்றும் முடிவாயிற்று. இரண்டு வீட்டார் ஆட்சேபித்தார்கள். அந்த வாதம் பிறகும் அவ்வப்போது தலை தூக்கியதுண்டு. சபை என்றால் மனிதர்கள்தானே!

இதை நினைக்கும்போதெல்லாம் டோனாவூரில் பார்த்த ஒரு கல்லறையும் ஞாபகத்துக்கு வரும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் அந்த ஊருக்கு வந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக இருந்து, 1951 ஜனவரியில் காலமானவர். தமக்குக் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். தினமும் யாராவது அதில் தண்ணீர் ஊற்ற வேண்டுமே! பூப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட முடியாத கல்லறை அது.

செத்தவர்களை நினைப்பது என்றால் கண்ணீர் விடுவது என்றே நாம் பழகியிருக்கிறோம். கண்ணீர் நல்லதுதான், ஆனால் அது காய்ந்துவிடும். அவர்கள் நம் கையில் விட்டுப்போன சாவியை என்ன செய்தோம் என்பது காயாத கேள்வி. பாட்டி எனக்கு நகையாக விட்டுப்போனது ஒரு ஜோடி கம்மல். அதைப் பேத்தி கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டேன். தகரப் பெட்டியைக் கொடுக்க மனம் வரவில்லை.

சென்னையில் நான் போகும் கோயிலில் இன்று காணிக்கை உறையில் போகிறது. கைப்பேசியில் கட்டத்தைக் காட்டினாலும் போகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் குக்கருக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. மருமகள் அதில் ஒரு பிடி போடாமல் குக்கரை மூடுவதில்லை. மாதக் கடைசியில் அது எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுகிறவர் வீட்டுக்குப் போகிறது.

ஆனால் ஊரில் எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு நான் ரயில் ஏறிப் போய் வருகிறேன். முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் இடம் கொடுக்குமோ தெரியாது. அந்த இருபது முப்பது சிரட்டைகள் இப்போது நாற்பதுக்கு மேலாகிவிட்டன. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தால் அப்படித்தானே ஆகும்? சென்ற முறை போனபோது, கோவில்பிள்ளையின் மகள் என்னோடு வர்த்தி ஏற்றிக்கொண்டே வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். "இவங்க யாரு பாட்டி? இவங்க?" என்று ஒவ்வொரு கல்லறையிலும் கேட்டாள். தெரிந்தவரை சொன்னேன். மறுநாள் தகரப் பெட்டியை அவளிடம் ஒப்படைத்து, ஒரு புது நோட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். அவள் முதல் பக்கத்தில் வரிசை எண் போட்டு, கல்லறைகளின் பெயர்களை எழுத ஆரம்பித்துவிட்டதாகப் போனில் சொன்னாள். எட்டாவது கல்லறையில் எழுத்து அழிந்திருக்கிறதாம். யார் என்று கேட்டாள். பழைய நோட்டில் மூன்றாவதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சகோதரிகளே, நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களானாலும், உங்கள் தெருவிலும் ஒரு பெட்டி அத்தை இருப்பாள். பூ விற்கிறவளாக இருக்கலாம், பாத்திரம் தேய்க்கிறவளாக இருக்கலாம். நாளைக் காலையில் அவள் வரும்போது, அவளுடைய முழுப் பெயர் என்ன என்று கேட்டு வையுங்கள்.